கணினிக்கு ஏன் இத்தனை அவசரம்?

“இருக்கிற கைப்பேசியே நன்றாகத்தானே ஓடுகிறது? இன்னும் வேகமான சில்லு, இன்னும் வேகமான கணினி என்று உலகம் ஏன் இப்படிப் பறக்கிறது?” என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. எல்லாம் வியாபாரத் தந்திரம் என்பார் சிலர். அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது வானத்தை அண்ணாந்து பார்க்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது.

மழை பெய்தால் பால்மரத்தின் பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெங்கும் வழியும். மங்கில் மழைநீர் சேரும். ஆகவே, “இன்று மழை வருமா?” என்பது நமக்கு வெறும் பேச்சு அல்ல; சோற்றுக் கணக்கு.

மழை வருமா என்பதை உண்மையிலேயே கணக்காகப் போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபடியே அவர் இந்த வேலையைச் செய்தார். காற்றழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவை எப்படி மாறும் என்பதற்கு இயற்கை விதிகள் உண்டு. அவ்விதிகளைக் கொண்டு, 6 மணி நேர வானிலை மாற்றத்தைக் கையால் கணக்கிட்டார். அதற்கு ஏறக்குறைய 6 வாரம் பிடித்தது. விடையும் தவறாகவே வந்தது! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1922இல் அதை நூலாக வெளியிட்டார். 64,000 பேர் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, ஆளுக்கொரு பங்காகக் கணக்குப் போட்டால் வானிலையோடு சேர்ந்து ஓடலாம் என்று அதில் கனவும் கண்டார்.

அந்தக் கனவை இயந்திரம் நனவாக்கியது. 1950இல் அமெரிக்காவில், சுமார் 30 டன் எடையுள்ள ‘எனியாக்’ என்ற கணினியைக் கொண்டு 24 மணி நேர வானிலையைக் கணித்தனர். கணக்குப் போடவே ஏறத்தாழ 24 மணி நேரம் ஆயிற்று. நாளைய மழையை நாளைக்கே சொல்வதால் யாருக்கு என்ன பயன்? விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. மழைக்கு முன்னால் வந்து சேரவும் வேண்டும். கணினியின் அவசரம் இதுதான்.

பிறகு, அறையளவு இயந்திரம் விரல்நகமளவு சில்லாகச் சுருங்கியது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட முதல் நுண்செயலிச் சில்லுக்குள் 2,300 நுண்ணிய மின்விசைகள் இருந்தன. மறு ஆண்டே, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அந்நிறுவனம் நம் பினாங்கு பாயான் லெப்பாசில் திறந்தது. அக்கால மின்னியல் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் கண் பதித்து, முடியினும் மெல்லிய தங்கக் கம்பிகளைப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஆகவே உலகத்தின் இந்த வேகத்தில் நம் மண்ணின் உழைப்பும் கலந்திருக்கிறது. இன்று கைப்பேசியின் சில்லில் கோடிக்கணக்கான மின்விசைகள் இருக்கின்றன.

இவ்வளவு வேகம் வந்த பிறகும் போதவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பள்ளிக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கணினி, பூமியைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போடுகிறது. 10 கிலோமீட்டர் சதுரத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்தால், ஒரு சதுரம் இருந்த இடத்தில் 4 சதுரங்கள் வரும். சதுரம் சிறுத்தால் காலத்தையும் பாதியாக நறுக்கிக் கணக்கிட வேண்டும். ஆக, வேலை 8 மடங்கு. மீண்டும் பாதியாக்கினால் 64 மடங்கு. இன்னொரு முறை பாதியாக்கினால் 512 மடங்கு!

நம் நாட்டுக்கு இது மிகவும் அவசியம். குளிர்நாடுகளில் மழைமேகம் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைல் பரந்து வரும். நம் பிற்பகல் இடிமழை அப்படியல்ல. ஒரு டிவிஷனில் கொட்டும். அடுத்த டிவிஷனில் தூசி பறக்கும். பெரிய கண்ணுள்ள வலையில் சின்ன மீன் தப்புவதுபோல், பெரிய சதுரத்தில் நம் மழை தப்பிவிடுகிறது. வலைக்கண் சிறுக்கச் சிறுக்க, வேகம் பெருக வேண்டும்.

ஆனால் ஒரு சில்லை எவ்வளவுதான் விரட்டுவது? சுமார் 2005க்குப் பிறகு, சூடு தாங்காமல் அந்த ஓட்டம் தடைப்பட்டது. ஒரே ஆளை ஓடி ஓடி வெட்டச் சொன்னால் மரத்தில் காயம்தான் விழும். நிரையைப் பிரித்துப் பல பேரிடம் கொடுத்தால் வேலை முடியும். அதேபோல் ஒரே சில்லுக்குள் பல மூளைகளை வைத்து, வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ரிச்சர்ட்சன் கண்ட மண்டபம் இப்படித்தான் உருவாயிற்று!

வேகம் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடுமா? வராது. மழைமானியும் ராடாரும் செயற்கைக்கோளும் சரியான தகவல் தரவேண்டும். அதன்பின், சொன்னதைக் கேட்க ஆள் வேண்டும். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வேறு மாநிலங்களிலும் வந்த வெள்ளம் 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்படிப்பட்ட வேளையில் இரண்டு மணி நேரம் முன்னால் கிடைக்கும் செய்தி, பொன்னை விடப் பெரியது. தொடர்மழைக்கு வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றதுமே அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். சிவப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசி ஒரு விநாடியில் போடும் கணக்கை, ரிச்சர்ட்சன் தம் ஆயுள் முழுவதும் உட்கார்ந்தாலும் போட்டு முடித்திருக்க முடியாது. ஆனால் எந்தக் கணக்கைப் போடவேண்டும் என்று அதற்குச் சொன்னவர் மனிதர்தாம். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கும் கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளையும் ஒருவராக வரவேண்டாமா? இன்றிரவு விளையாட்டைச் சற்று நிறுத்திவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள்.