உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு

ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸிலிருந்து தெற்கே மனுக்கௌ பக்கம் போகும் பெருஞ்சாலைக்குப் பெயர் டெ இரிரஙி. ஆங்கிலம் படித்த பழக்கத்தில் நம்மவர்கள் அதை ‘இரிராங்கி’ என்று நீட்டுவதுண்டு. உண்மையில் அந்தப் பெயரில் நெடிலே கிடையாது. மேற்கே திரும்பினால் வரும் ஓட்டர, ஓட்டாஹுஹு, மாஙெரெ ஆகிய ஊர்ப்பெயர்களில் நெடில் உண்டு. புதிய பலகைகளில் அந்த நெடில்களின் தலைமேல் மட்டும் ஒரு சிறு படுக்கைக்கோடு இருக்கும். நியூசிலாந்தின் பூர்வகுடிகள் பேசும் மாவொரி மொழியில் அதற்கு டொஹுட்டோ என்று பெயர்.

மாவொரியில் ஐந்து உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில் உண்டு. மெய்கள் பத்துதான். நீளம் மாறினால் பொருள் மாறும். ‘கெக்கெ’ என்றால் கேக், ‘கேக்கே’ என்றால் அக்குள். கல், கால் என்று பேசும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே இன்னொரு நுட்பமும் உண்டு: மனிதரைக் குறிக்கும் சில சொற்களில் ஒருமை பன்மையைக் காட்டுவதே இந்த நீளம்தான். ‘வஹினெ’ ஒரு பெண், ‘வாஹினெ’ பல பெண்கள். கோட்டை விட்டுவிட்டால் எத்தனை பேர் என்பதே தெரியாமல் போகும்.

அப்படியிருந்தும் நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலான அச்சில் அது இல்லை. 1820இல் மாவொரித் தலைவர்களான ஹொஙி ஹிக்கவும் வைக்கட்டொவும் மிஷனரி தாமஸ் கெண்டலுடன் இங்கிலாந்து சென்றார்கள். கேம்பிரிட்ஜில் பேராசிரியர் சாமுவேல் லீ அவர்கள் துணையோடு இலக்கண நூல் ஒன்றை உருவாக்கினார். எழுத்து வந்தது, நெடிலை எல்லா இடத்திலும் ஒரே சீராகக் காட்டும் வழக்கம் மட்டும் நிலைக்கவில்லை. தாய்மொழியாகப் பேசியவர்களுக்கு அது குறையாகவும் படவில்லை, இடம் பார்த்துச் சரியாக வாசித்துவிடுவார்கள்.

நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தான் இருந்தன. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுவோர் விட்டுவிட்டார்கள். எரி, ஏரி இரண்டும் ஒரே வடிவம். படிப்பவர்தான் பிரித்தறிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்தப் புள்ளி விதியைத் திருப்பிப் போட்டார் என்பர்: குறில் வெறுமையாக நிற்கட்டும், நெடிலுக்குக் குறி இருக்கட்டும். இன்று நாம் எழுதும் ஏ, ஓ அப்படி வந்தவை. டொஹுட்டோவின் விதியும் அதேதான்.

இருபதாம் நூற்றாண்டில் மாவொரிக் குடும்பங்கள் பல ஆங்கிலத்துக்கு மாறின. மொழியைக் காதால் பெறாமல் புத்தகத்தில் கற்கும் தலைமுறை வந்தபோதுதான் கோடு உயிர்த்தேவை ஆயிற்று. 1951 முதல் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் மாவொரி கற்பித்த புரூஸ் பிக்ஸ், உயிரெழுத்தை இரண்டு முறை எழுதலாம் என்றார். வைக்கட்டொ பகுதியில் இன்றும் அப்படி எழுதுகிறார்கள். 1987இல் மாவொரி ஆட்சிமொழி ஆனது. அப்போது அமைந்த மொழி ஆணையம் கோட்டையே பரிந்துரைத்தது. 2019இல் 800க்கும் மேற்பட்ட ஊர், இடப்பெயர்கள் கோட்டோடு அதிகாரபூர்வமாயின. ஒரு மக்கள் தங்கள் ஊர்களின் ஓசையை வரைபடத்தில் மீட்டெடுத்த செயல் இது என்றே சொல்வேன்.

தமிழ் எழுத்தில் இந்தப் பெயர்களை எழுதத் தனிக் குறியே தேவையில்லை. குறில் நெடில் இருக்கிறது. ஆங்கிலேயரைத் திணற வைக்கும் ஓசைக்கு, நாம் ‘அங்ஙனம்’ தவிர வேறெங்கும் அதிகம் பயன்படுத்தாத ‘ங’வும் கைவசம் இருக்கிறது. இருந்தும் ‘மாவோரி’ என்றே அச்சிடுகிறோம். அங்கே ஒகரம் குறில். ஆக்லாந்துத் தமிழ்ச் சங்கங்கள் அழைப்பிதழ் அடிக்கும்போது ஊர்ப்பலகையை ஒருமுறை பாருங்கள்: கோடு இருந்தால் நெடில், இல்லையென்றால் குறில். அப்படியே எழுதுங்கள்.