பரம எதிரியைக் கூட்டுச் சேர்த்த க்யூபிட்: காந்தத்துக்கு இங்கே என்ன வேலை?

சூப்பர் கண்டக்டருக்கு மேலே காந்தம் அந்தரத்தில் மிதக்கிற வீடியோவை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. பார்க்க அழகுதான். ஆனால் அது நட்பு இல்லை, பகை. காந்தப்புலத்தை உள்ளே விடாமல் தள்ளுகிறது சூப்பர் கண்டக்டர்.

தமிழில் மீக்கடத்தி. மிகக் குறைந்த வெப்பநிலையில் துளிகூடத் தடையில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பாதரசத்தில் முதலில் கண்டார்கள். எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்வதுதான் ரகசியம். இதற்குப் பெயர் கூப்பர் ஜோடி. ஒன்றின் ஸ்பின் மேல்நோக்கி இருந்தால் மற்றதன் ஸ்பின் கீழ்நோக்கி இருக்கும். நிக்கல் மாதிரியான காந்தப் பொருளோ எல்லா ஸ்பின்னையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி பிரிந்துவிடும்.

அப்படியென்றால் இரண்டையும் ஏன் ஒட்டவைக்கிறார்கள்?

காந்த அடுக்கு மிக மெலிதாக, நானோமீட்டர் கணக்கில் இருந்தால் ஜோடி உடனே பிரியாது. அதன் குவாண்டம் அலை ஏறி இறங்கியபடி கடக்கும். அடுக்கின் தடிமன் சரியாக அமைந்தால், மறுபக்கம் வரும்போது அலை தலைகீழாகியிருக்கும். பிளஸ் மைனஸ் ஆன கதை. இதைப் 'பை சந்தி' என்கிறார்கள்.

காந்த அணுக்கள் கலந்த சந்தியில் இப்படி நடக்கலாம் என்று சோவியத் இயற்பியலாளர்கள் 1977-லேயே கணித்துவிட்டார்கள். மெலிதான காந்த அடுக்கில் அதை நிரூபிக்க 2001 ஆனது. மாஸ்கோ அருகே செர்னோகோலோவ்காவில் ரியாசனோவ் குழு, இரண்டு நியோபியம் அடுக்குகளுக்கு நடுவே செம்பு-நிக்கல் கலவையை வைத்தது. வழக்கமாகக் குளிரக் குளிர, தடையின்றிப் பாயும் மின்னோட்டத்தின் அளவு கூடும். இங்கே அது பூஜ்ஜியத்துக்கு இறங்கி, மறுபடி ஏறியது! அலை தலைகீழானது அந்தப் பூஜ்ஜியத்தில்தான்.

இது ஆய்வகத்து வேடிக்கையோடு நிற்கவில்லை. 'ஃபிளக்ஸ் க்யூபிட்' என்பது ஒரு குட்டி மீக்கடத்தி வளையம். குவாண்டம் கணினியில் இதில் மின்னோட்டம் வலம், இடம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுற்றும் நிலையில் இருக்கும். இது ஒழுங்காக வேலை செய்ய, வெளியிலிருந்து ஒரு காயில் மூலம் துல்லியமான காந்தப்புலம் கொடுத்தபடியே இருக்க வேண்டும். அந்த வயர் வழியாக இரைச்சலும் உள்ளே வரும். க்யூபிட் எண்ணிக்கை கூடக்கூட தலைவலியும் கூடும். வளையத்திலேயே ஒரு பை சந்தியைப் பொருத்திவிட்டால் காயிலே தேவையில்லை.

2024-ல் ஜப்பானின் தேசியத் தகவல் தொடர்பியல் ஆய்வு நிறுவனம், என்டிடி, நகோயா பல்கலைக்கழகம் சேர்ந்து இதைச் செய்து காட்டின. க்யூபிட் தன் குவாண்டம் நிலையைத் தக்கவைத்த நேரம் 1.45 மைக்ரோ விநாடி. விநாடியை 10 லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோ விநாடி. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். பை சந்தி வைத்த பழைய க்யூபிட்டைவிட இது சுமார் 360 மடங்கு.

ஆனால் காந்தம் கலக்காத க்யூபிட்கள் இதைவிட நெடுநேரம் தாங்குகின்றன. காயிலை ஒழித்த அதே காந்த உலோகத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்களும் இருப்பதால், அவை ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகின்றன. அந்தக் கசிவைக் குறைக்கும் சந்தி கிடைத்தால்தான் இந்த க்யூபிட் கணினிக்குள் போகும்.