வெள்ளை வெளிச்சத்தில் பச்சை நிழல் எப்படி?

இருட்டறையில், வெள்ளைத் தாள்மேல் ஒரு முட்டை. ஒருபுறம் வெள்ளை டார்ச். மறுபுறம் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். இரண்டு நிழல்கள் விழும். வெள்ளை டார்ச்சின் நிழலில் சிவப்பு ஒளி மட்டுமே விழுவதால் அது சிவப்பு. வியப்பு இன்னொன்றில்தான்: அங்கே விழுவது வெறும் வெள்ளை ஒளி, தெரிவதோ பச்சை!

சுற்றிலும் இளஞ்சிவப்பு பரவியிருக்க, மூளை அதையே வெள்ளையாகக் கொள்ளப் பார்க்கிறது; சிவப்பு குறைந்த இடம் எதிர்நிறமான நீலப்பச்சைக்குச் சாய்கிறது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1810-இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டு நூலில் இத்தகைய நிழல்களை ஆராய்ந்தார்.

கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமனும் மூளையின் இதே வேலையை அரைகுறையாகச் செய்யும். அதை நிறுத்தி, வெள்ளை டார்ச்சுக்குப் பொருத்திப் படமெடுங்கள். பச்சையாகத் தெரிந்த நிழலை மட்டும் தனியே வெட்டிப் பார்த்தால், சாம்பல் நிறம்தான்.