ஆழத்துக்குக் காதை இறக்கிய கப்பல்

கடலின் மேல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். கீழே போகப் போகச் சில்லிடும். இந்த வெப்ப மாற்றத்தில் ஒலி நேராகப் போகாமல் வளைந்துவிடுகிறது. கப்பலின் அடிவயிற்றில் பொருத்திய சோனார் என்னதான் கத்தினாலும், வெப்பம் மாறும் அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கிய நீர்மூழ்கியை அரைகுறையாகவே எட்டும். நீர்மூழ்கித் தளபதிகளுக்கு இது பாலபாடம்.

1990 ஜூலையில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்த 'லதூஷ்-திரெவில்' போர்க்கப்பல் இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தது. சோனாரைப் பொதிந்த கூட்டைப் பின்புறத்திலிருந்து கம்பிவடத்தில் கட்டி, அந்த அடுக்குக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். கப்பல் அதை இழுத்துக்கொண்டே போகும். மாலுமிகள் அதை 'மீன்' என்பார்கள். கூடவே, சத்தம் போடாமல் ஒட்டுக்கேட்க மட்டும், ஒலிவாங்கிகள் கோத்த நீண்ட வடம் ஒன்றும் உண்டு.

ஒட்டுக்கேட்பவன் தடதடவென்று ஓடக் கூடாதே! 139 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலுக்கு நெடுந்தூரம் சிக்கனமாகப் போக டீசல் என்ஜின். விரைந்து போக கேஸ் டர்பைன். கான்கார்டு விமானத்தைப் பறக்கவைத்த அதே ஒலிம்பஸ் குடும்பத்து டர்பைன் அது. 30 நாட் வேகம் தரும். ஆனால் அந்த வேகத்தில் சொந்த இரைச்சலே கப்பலின் காதை அடைத்துவிடும். அதனால் துரத்துகிற வேலை இரண்டு லின்க்ஸ் ஹெலிகாப்டர்களுக்கு. அந்தரத்தில் நின்று சோனாரை நீரில் தொங்கவிட்டுக் கேட்கும், டார்பிடோவும் போடும். என்னைக் கேட்டால், கப்பலின் முதன்மை ஆயுதமே அவைதாம்.

துறைமுகம் பிரெஸ்ட். அருகிலுள்ள இல்-லோங்கில்தான் பிரான்ஸின் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள் நிற்கின்றன. அவை யாரும் பின்தொடராமல் ஆழ்கடலுக்கு நழுவ வழிகாப்பது இவ்வகைக் கப்பல்களின் முக்கியக் கடமை. லதூஷ்-திரெவில் சேவைக்கு வந்த ஒன்றரை ஆண்டுக்குள் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதன் நீர்மூழ்கிகள் ரஷ்யாவிடம் போயின, காவல் தொடர்ந்தது.

லின்க்ஸ்கள் 2020இல் விடைபெற்றன. எஃப்-70 வகையின் ஏழு நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்களில் கடைசியாக, லதூஷ்-திரெவில் 2022இல் ஓய்வுபெற்றது. அந்த இடத்துக்குக் குறைந்த ஆட்களோடு ஓடும் அக்கித்தேன் வகை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

பிரான்ஸில் ஓய்வுபெற்ற போர்க்கப்பலுக்குப் பெயர் போய், 'க்யூ' எழுத்தோடு ஓர் எண் வந்துவிடும். உடைப்பதும் லேசல்ல, பழைய கப்பல்களில் கல்நார் இருக்கும். 'கிளெமான்சோ' விமானந்தாங்கி 2005 டிசம்பர் 31 அன்று குஜராத்தின் அலாங் நோக்கிப் புறப்பட, எதிர்ப்பு வலுத்து 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் அதைத் திருப்பியழைத்தார். கடைசியில் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் உடைத்தார்கள். அதற்குப் பிறகு தன் பழைய போர்க்கப்பல்களைப் பிரான்ஸ் ஐரோப்பிய உடைப்புத் தளங்களுக்கே அனுப்பிவருகிறது.