பெயர் சொன்னால் போதும்

இசைத்தட்டு நிறுவனம் என்றதும் ஒலிப்பதிவுக் கூடமும் விற்பனைக் கடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவையின்றி, 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பில்லி உட்ஃபோர்டு என்னும் இளைஞர் யூடியூபில் ஓர் இசை அலைவரிசையைத் தொடங்கினார். நோகாப்பிரைட்சவுண்ட்ஸ் என்பது அதன் பெயர். கணினி விளையாட்டைப் படம்பிடித்து வெளியிடுவோர், பின்னணியில் பிறர் இசையைச் சேர்த்துப் பதிப்புரிமைச் சிக்கலில் மாட்டிக்கொள்வதை அவர் அறிவார். ஆகவே, தாம் வெளியிடும் இசையைக் காணொளி படைப்போர் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இசையமைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், அதுவே நிபந்தனை.

இலவசமாய் ஈந்தால் கலைஞனின் அடுப்பு எரியுமா? நமக்கும் இந்த ஐயம் எழாமலில்லை. ஆனால் பெயர் சென்ற இடமெல்லாம் கேட்போர் பெருகினர். விளம்பர வருவாயும் வந்தது. 2014இல், நார்வேயின் ஆலன் வாக்கர் மடிக்கணினியில் அமைத்த ‘ஃபேடு’ இவ்வாறே பரவிற்று. 2015இல் பெரிய நிறுவனமொன்று அதற்குக் குரல் சேர்த்து, ‘ஃபேடட்’ என வெளியிட்டது. பாடியவர் ஈசலின் சூல்ஹைம். முகப்பில் அவர் பெயர் இல்லை.