பழைய ஜெட் விமானம் வாங்குமுன்

மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகு வாங்க வருபவர், மூட்டையின் வாயில் கிடப்பதை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசியை உள்ளே செலுத்தி அடியிலிருப்பதை எடுத்துப் பார்க்கிறார், லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்று எடை போடுகிறார், ஈரப்பதத்தைக் கேட்கிறார். 1957 முதல் மிளகில் முன்பேர வணிகம் நடந்த யூதர் தெருவில் இது தலைமுறைகளின் பழக்கம். அத்தகைய வணிகக் குடும்பம் ஒன்று பயன்படுத்தப்பட்ட ஜெட் விமானம் ஒன்றை வாங்க எண்ணினால் எதைக் குத்தூசியாகக் கொள்வது? இம்மாதம் அதைப் பார்ப்போம். தொகை பல கோடி என்பதனால் மட்டும் இது முக்கியமானதன்று. இப்படிப்பட்ட கடனுக்குப் பெரும்பாலும் கிடங்கும் குடும்பச் சொத்தும் துணை ஈடாக நிற்கின்றன.

கொச்சியில் இக்கேள்விக்கு இடம் ஏற்பட்டது அண்மையில்தான். நெடும்பாசேரி விமான நிலையத்தில் தனியார் ஜெட் விமானங்களுக்கென்று சுமார் 40,000 சதுர அடியில் தனி முனையம் 2022 டிசம்பர் 10 அன்று திறக்கப்பட்டது. சந்தையில் 'சூப்பர் மிட்சைஸ்' எனப்படும் வகை, எட்டு முதல் பத்துப் பேர் வரை ஏற்றிக்கொண்டு கண்டத்தின் குறுக்கே நிற்காமல் பறக்கக்கூடியது. பம்பார்டியர் சேலஞ்சர் 300, 350, கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி280, எம்ப்ரேயர் பிரேட்டர் 600 ஆகியவை இவ்வகையின. சேலஞ்சர் 300இன் பறப்புத் தொலைவு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,800 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,200. இவ்விரண்டுக்கும் இது போதுமானதற்கு மேல். லண்டனுக்கோ வழியில் ஓரிடத்தில் இறங்கியே ஆகவேண்டும். ஆண்டில் எந்த ஊருக்கு எத்தனை முறை என்ற பட்டியலை எழுதிப் பார்க்காமல் விமானத்தைப் பார்க்கப் புறப்படுவது, சரக்குக்கு வாங்குபவர் யாரென்று அறியாமல் மிளகு கொள்முதல் செய்வதற்கு ஒப்பானது.

விலை குறைவாக இருப்பது எப்போதும் நற்செய்தியன்று. ஹாக்கர் 4000 என்ற விமானம் இதற்குச் சான்று. கலப்புப் பொருளால் ஆன உடலும் விசாலமான அறையும் கொண்டு, இதே வகையில் பாராட்டப்பட்ட விமானம் அது. தயாரித்த ஹாக்கர் பீச்கிராஃப்ட் நிறுவனம் 2012 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. 2013இல் ஜெட் தயாரிப்பைக் கைவிட்டு வேறு பெயரில் வெளிவந்தது. ஹாக்கர் 4000இன் உத்தரவாதக் கடப்பாடுகளிலிருந்து நீதிமன்ற அனுமதியுடன் விடுபட்டும் விட்டது. விமானங்களின் உரிமையாளர்கள் அதே விமானங்களோடு நின்றார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையில் கட்டப்பட்ட மாதிரிக்கு உதிரிப்பாகமும் அதை அறிந்த பொறியாளரும் கிடைப்பது அரிது. விலை இறங்கியதற்கான காரணம் இதுவே.

ஆய்வின் முதற்பணி ஹேங்கரில் நடப்பதில்லை, மேசையில் நடக்கிறது. விமானம் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பறப்பும், ஒவ்வொரு பழுதும், ஒவ்வொரு பாகமாற்றமும் பதிவேடுகளில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட சுழற்சிகளுக்குப் பின் மாற்றியே தீரவேண்டிய எஞ்சின் பாகங்களுக்கு முழு வரலாறும் தேவை. இடையில் ஓர் ஏடு காணாமற் போனாலும் அப்பாகத்தின் மிஞ்சிய ஆயுளை யாரும் சான்றளிக்க மாட்டார்கள். 2023இல், லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற விற்பனையாளர் போலிச் சான்றுகளுடன் எஞ்சின் பாகங்களை விற்றது வெளிவந்தபோது, பெரிய விமான நிறுவனங்களே தங்கள் எஞ்சின்களைக் கழற்றிச் சோதிக்க நேர்ந்தது. அவை பயணிகள் விமான எஞ்சின்கள் என்றாலும் பாடம் நமக்கும் உரியது. சான்று இல்லாத பாகம், கண்ணுக்கு எவ்வளவு பளபளத்தாலும், கணக்கில் இல்லாத பாகம்.

அதன்பின் விமானத்தின் உடல். வாங்குபவர் தேர்ந்தெடுக்கும், விற்பவரோடு தொடர்பில்லாத பராமரிப்பு நிலையத்தில் ஆய்வு நடக்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பது நம் கருத்து. எஞ்சினுக்குள் போரோஸ்கோப் என்னும் நுண்ணோக்கிக் குழாயைச் செலுத்தித் தகடுகளின் நிலையைப் பார்ப்பார்கள். இதுவே நம் குத்தூசிக்கு மிக நெருங்கிய கருவி. எஞ்சின்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் பராமரிப்புத் திட்டம் நடப்பில் உள்ளதா, அது புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் பெறவேண்டும். திட்டம் இல்லாத எஞ்சின் என்றால் அந்த வேறுபாட்டை விலையில் கழிக்க வேண்டும்.

நாட்காட்டியையும் மறக்கலாகாது. சேலஞ்சர் 300க்கு 96 மாதங்களுக்கு ஒருமுறை பெரும் பரிசோதனை உண்டு. உட்புறத்தைக் கழற்றிப் பார்க்கும் அப்பரிசோதனைக்குச் சற்று முன்பாகவே விமானம் விற்பனைக்கு வருமானால், செலவை யார் ஏற்பது என்று விற்பவரிடம் நேராகவே கேட்கலாம்.

துருப்பிடிப்புக்குத் தனிக் கவனம் தேவை. வறண்ட பாலைநிலத்தில் நின்ற விமானமும் கடற்காற்றில் நின்ற விமானமும் ஒரே வயதினவாயினும் ஒன்றல்ல. கடலோர ஈரத்தில் கிடந்த சரக்கின் நிலையை மட்டாஞ்சேரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையம் வெள்ளத்தால் இரு வாரங்கள் மூடப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையமும் நீரில் மூழ்கியது. விமானம் அத்தேதிகளில் எங்கே நின்றது என்று பதிவேட்டில் ஒருமுறை பார்ப்பது வீண்வேலையாகாது.

வங்கி முதலில் கேட்பது உரிமை. கேப்டவுன் உடன்படிக்கையின் கீழ் விமானத்தின் மீதான அடமானங்கள் பன்னாட்டுப் பதிவேடு ஒன்றில் பதியப்படுகின்றன. அதில் விமான உடல் ஒரு பொருள், ஒவ்வொரு எஞ்சினும் வேறொரு பொருள். உடல் ஒருவருடையதாகவும் எஞ்சின் மற்றொருவருக்கு அடமானமாகவும் இருக்கக்கூடும். ஆகவே மூன்று தேடல்கள். இந்தியா 2008இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோதிலும், 2023இல் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் திவாலானபோது குத்தகைக்கு விட்டவர்கள் தங்கள் விமானங்களைத் திரும்பப் பெறப் பெரும்பாடுபட்டார்கள். அக்குறையை நீக்கவே 2025இல் விமானப் பொருள்களில் உரிமை நலன்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கடன் கொடுப்பவருக்கு இது வலிமை. வாங்குபவருக்கோ தவணை தவறினால் விமானம் முன்னிலும் விரைவாகக் கைவிட்டுப் போகும் என்று பொருள். விமான நிலையக் கட்டண நிலுவை, ஊழியர் ஊதிய நிலுவை ஆகியவை பதியப்படாமலே முன்னுரிமை பெறக்கூடும் என்பதால், விற்பவரிடமிருந்து நிலுவையின்மைச் சான்றுகளும் வேண்டும்.

எந்தப் பெயரில், எந்த நோக்கத்திற்கு என்ற வினா வரியைத் தீர்மானிக்கிறது. சொந்தப் பயன்பாட்டு விமானத்திற்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்தது. பிற விமானங்களுக்கு 5. இவ்வேறுபாட்டைக் கண்டு, வாடகை இயக்க உரிமத்தின் பேரில் வாங்கிவிட்டுக் குடும்பமே பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அவ்வாறு செய்ததாகச் சுங்கத்துறை தொடுத்த வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டிருக்கின்றன. இறக்குமதியாகும் விமானத்தின் வயதுக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வரம்பு வைத்துள்ளது. முன்பணம் அனுப்புமுன் அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

நின்றுகொண்டிருக்கும் விமானம் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விஜய் மல்லையா பயன்படுத்திய ஏர்பஸ் 319, சேவைவரி நிலுவைக்காக 2013இல் கைப்பற்றப்பட்டு மும்பையில் நின்றது. 2016 ஏலத்தில் குறைந்தபட்ச விலை 152 கோடி ரூபாய், கேட்கப்பட்டதோ 1.09 கோடி. பல ஏலங்களுக்குப் பின் 2018இல் 34.8 கோடிக்கு விலை போனது. அது மிகப் பெரிய விமானம், வழக்கில் சிக்கியது என்பன உண்மை. ஆயினும் ஈடாக வைக்கும் பொருள் பறக்காத நாளிலும் தேய்கிறது என்பதால், கடன் தவணைக்காலம் விமானத்தின் மதிப்பைவிட நீளலாகாது.

ஆண்டுக்கு நூறு மணி நேரமும் பறக்காத குடும்பத்திற்கு வாடகை விமானமே ஏற்றது என்பது நம் எண்ணம். வாங்கத்தான் வேண்டுமெனில், ஆய்வறிக்கை திருப்தியளிக்காவிட்டால் முன்பணம் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்ற வாசகமும், அத்தொகை விற்பவரிடமன்றி மூன்றாமவர் பொறுப்புக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற வாசகமும் உடன்படிக்கையில் இடம்பெறட்டும். கையொப்பமிடுவதற்கு முன் அதன் நகலோடு தங்கள் கிளை மேலாளரைச் சந்திக்கலாம்.