ஒன்றோடொன்று பேசும் ஊர்திகள்: ஒரு சமூக நோக்கு

மோட்டார் ஊர்தி தோன்றிய காலந்தொட்டுச் சாரதிகள் தம் கண்ணையும் காதையும் நம்பியே அதனைச் செலுத்தி வந்துள்ளனர். ஆனால் முன்னே செல்லும் லொறிக்கு அப்பால் நிகழ்வதைக் கண் காண்பதில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தியொன்று ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடந்துவிடுகின்றது. ஆபத்தைக் கண்டுணர்ந்து பிரேக்கை அழுத்துமுன்னரே விபத்து நிகழ்ந்துவிடலாம்.

இக்குறையை நீக்கும் நோக்குடன் எழுந்ததே ஊர்திகளிடையிலான வானலைத் தொடர்பு. ஒவ்வோர் ஊர்தியும் தனது இடம், வேகம், திசை, பிரேக்கின் நிலை ஆகியவற்றைச் செக்கனுக்கு 10 தடவை வரையில் ஒலிபரப்புகின்றது. சில நூறு மீற்றருக்குள் உள்ள ஏனைய ஊர்திகள் அவற்றைப் பெற்றுக் கணித்து, மோதல் நேரக்கூடுமெனின் சாரதியை எச்சரிக்கின்றன. எச்சரிக்கையோடு அமையாது, கூட்டாக ஓடவும் இத்தொடர்பு வழிசெய்கின்றது. 1997 ஆகஸ்டில், கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகருக்கு அண்மையில், 8 கார்கள் ஏறத்தாழ 6.5 மீற்றர் இடைவெளியில் நெடுஞ்சாலையில் அணியாக ஓடிக் காட்டின. தலைமைக் காரின் வேகம் குறைந்தால் அச்செய்தி பின்வரும் அனைத்தையும் உடனடியாக எட்டுவதனாலேயே இந்நெருக்கம் சாத்தியமாயிற்று.

அங்ஙனமாயின் இது ஏன் இன்னும் எங்கும் பரவவில்லை? விடை இத்தொடர்பின் இயல்பிலேயே உள்ளது. ஆசனப்பட்டியை ஒருவர் மட்டும் அணிந்தாலும் அது அவரைக் காக்கும். பேசும் கருவியோ மற்றவரிடமும் அஃது இருந்தாலன்றிப் பயன்தராது. பத்தில் ஓர் ஊர்தியிலேயே இக்கருவி உண்டெனக் கொள்வோம். தற்செயலாக எதிர்ப்படும் இரண்டிலும் அஃது இருப்பதற்கான வாய்ப்பு நூறில் ஒன்றேயாகும். எனவே முதலில் வாங்குபவர் செலவைச் சுமக்கின்றார்; பயனைப் பிற்காலத்தவரே நுகர்வர். தனிமனித இலாபநட்டக் கணக்கு இங்கு தோல்வியுறுகின்றது.

அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சான்று. 1999 இல் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 5.9 கிகாஹேர்ட்ஸ் மீடிறனை அண்டி 75 மெகாஹேர்ட்ஸ் அகலமான பட்டையைப் போக்குவரத்துப் பணிக்கென ஒதுக்கியது. ஆண்டுகள் கழிந்தும் கருவிகள் பெருகவில்லை. வைபை வழிவந்த முறையும் செல்லிடத் தொலைபேசி வழிவந்த முறையும் போட்டியிட்டன. ஒன்றன் மொழியை மற்றது அறியாது. புதிய கார்கள் யாவற்றிலும் கருவியைக் கட்டாயமாக்கும் விதி 2016 டிசெம்பரில் முன்மொழியப்பட்டது. 2023 இல் கைவிடப்பட்டது. இதனிடையே 2020 இல் அப்பட்டையின் 45 மெகாஹேர்ட்ஸ் பகுதியை வைபை முதலிய பயன்பாடுகளுக்கு வழங்க ஆணைக்குழு தீர்மானித்தது. பயன்படாது கிடந்த பொதுச்சொத்து வேறு தேவைக்குச் சென்றது.

தன் இருப்பிடத்தை இடைவிடாது அறிவிக்கும் ஊர்தி, கண்காணிப்புக்கும் கருவியாகலாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அடையாளக் குறிகளை அடிக்கடி மாற்றும் ஏற்பாடு இதற்கெனவே வகுக்கப்பட்டது. அவ்வேற்பாட்டை நிருவகிப்பவர் யார் என்ற வினாவும் உடன் எழுகின்றது.

ஆகவே, ஒத்துழைக்கும் ஊர்திகளுக்கு முன்னர் ஒத்துழைக்கும் சமூகம் வேண்டும். பொது மொழி, பொது அலைவரிசை, பொது விதி ஆகிய மூன்றையும் சந்தை தானாக ஈந்துவிடாது. அவை மக்கள் கூடி எடுக்கவேண்டிய தீர்மானங்களாம்.